எம்.ஆர்.ஐ. அறைக்கு இடம் தேர்வு செய்யும்போது

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் தரைத்தளத்தில் 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கருவி நிறுவ எண்ணியுள்ளோம். காலியாக உள்ள கிடங்கு அறையின் ஒருபுறம் லிஃப்ட், மறுபுறம் வாகன நிறுத்தம், மேலே உள்நோயாளிகள் பிரிவு. இந்த இடம் பொருந்துமா?

பதில்: அறையின் பரப்பளவைவிட, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. காந்தப்புலம் சுவரோடு நின்றுவிடுவதில்லை. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தாண்டக்கூடாத எல்லையாக நெடுங்காலமாகக் கொள்ளப்படும் 5 காஸ் கோடு (காந்தப்புலத்தின் வலிமை 5 காஸ் அலகாகக் குறையும் இடம்), இவ்வகைக் கருவிகளில் காந்த மையத்திலிருந்து நீளவாக்கில் ஏறத்தாழ 4 மீட்டரும், பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஏறத்தாழ 2.5 மீட்டரும் செல்லும். மையமே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், கூரை தாழ்வான கட்டடத்தில் அந்தக் கோடு மேல்தளத்தின் தரையைத் தாண்டிவிடக்கூடும்.

லிஃப்டும் கார்களும் இதைவிடப் பெரிய சிக்கல். நகரும் இரும்பு, காந்தப்புலத்தின் சீர்மையைக் குலைத்துப் படத்தைக் கெடுக்கும். அறையைச் சுற்றி அமைக்கும் செப்புக் கூண்டு இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது 64 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வானொலி அலைகளைத் தடுப்பதற்கானது, லிஃப்டின் அசைவால் மெல்ல மாறும் காந்தப்புலத்தை அது தடுக்காது. ஆகவே கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, லிஃப்ட் ஓடும் வேலை நேரத்தில் காந்த இடையூற்றையும் அதிர்வையும் அளந்து தரும்படி தயாரிப்பு நிறுவனத்திடம் வலியுறுத்துங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஹீலியம் வெளியேற்றும் குழாய். காந்தம் திடீரெனக் குளிர்நிலையை இழந்தால், அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் கொதித்து வாயுவாகும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் அதிகமாக விரியும். குழாய் அடைபட்டிருந்தால் அந்த வாயு அறைக்குள் புகுந்து ஆக்சிஜனை வெளியேற்றுவதோடு, உள்நோக்கித் திறக்கும் கதவை அழுத்தத்தால் திறக்க முடியாதபடியும் செய்துவிடும். குழாய் குறுகிய தூரத்தில், வளைவுகள் குறைவாக, சன்னல்களிலிருந்தும் ஏ.சி. காற்று உள்ளிழுக்கும் இடங்களிலிருந்தும் விலகி, மழைநீரும் பறவைக் கூடும் அடைக்காத வகையில் முடிய வேண்டும். உங்கள் அறைக்கு மேலே வார்டு சன்னல்கள் இருப்பதால் இது எளிதன்று. சில லிட்டர் ஹீலியம் மட்டுமே கொண்ட, குழாய் தேவைப்படாத மூடிய வகைக் காந்தங்கள் இப்போது கிடைக்கின்றன. ஆயினும் லிஃப்ட் சிக்கலை அவை தீர்க்கா.

2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனையொன்றில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்றபோது, காந்தம் சிலிண்டரை இழுத்ததில் உயிரிழந்தார். சிலிண்டரே தேவைப்படாதபடி அறைக்குள் ஆக்சிஜன் குழாய் இணைப்பும், கருவியை இயக்குபவரின் நேர்ப்பார்வையில் ஒரே நுழைவாயிலும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

அந்தக் கிடங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளாகத்தின் பின்பகுதியில் ஒற்றைத் தளக் கட்டடம் எழுப்ப இடமிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பல டன் எடையுள்ள காந்தத்தை உள்ளே கொண்டுவரவும், பிற்காலத்தில் மாற்றவும், வெளிச்சுவரில் பெயர்த்தெடுக்கக்கூடிய பகுதி ஒன்றையும் அதில் விட்டுவையுங்கள்.