படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள்: செவிலியரிடம் கேட்டவை

முதியோர் வார்டிலும், அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பணியிலும் இருந்தவள் நான். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா படுக்கையில்தான் இருக்கிறார். முதுகின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறது. தினமும் பவுடர் போட்டுத் தேய்க்கிறோம், காற்று மெத்தையும் வாங்கியாயிற்று. சரியாகிவிடுமா? (தேனி)

தம்பி, தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து உள்சதை நலிந்திருக்கிறது. தேய்த்தால் இன்னும் கெடும். பவுடரும் வேண்டாம், வியர்வையில் கட்டிபிடித்து உறுத்தும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ, கெட்டியாகவோ, சூடாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

காற்று மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பத்தான் வேண்டும். முழுசாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வையுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் நிற்க வேண்டும். குதிகால் புண்ணை நிறைய வீடுகளில் கவனிப்பதே இல்லை. சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியவரும்.

மேலே நகர்த்தும்போது கக்கத்தில் கைகொடுத்து இழுக்காதீர்கள், தோல் உரசிக் கிழியும். பழைய போர்வையை மடித்து அடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

தோல் ஏற்கெனவே கிழிந்திருந்தால் மஞ்சள்தூள், ஸ்பிரிட், நுரைக்கிற மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். சலைனால் (மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர்) கழுவி மூடி வைத்து, செவிலியரையோ மருத்துவரையோ பார்க்கச் சொல்லுங்கள். கறுத்துப்போனாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திருக்காதீர்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, தயிர் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி வரை தெளிவாகப் பேசிய மாமியார் இன்று காலை என்னையே யார் என்கிறார். சுவரைப் பார்த்துப் பேசுகிறார். காய்ச்சல் இல்லை. வயசாகிவிட்டது, மறதி நோய் என்கிறார்கள். அப்படித்தானா? (விழுப்புரம்)

மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது, அம்மா. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். திடீரென்று வந்த குழப்பத்துக்கு உடம்பில் ஏதோ காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவது, உடம்பில் நீர் வற்றுவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போவது உண்டு. சிலர் கத்தமாட்டார்கள், பேசாமல் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அதை வீட்டில் நிம்மதி என்று நினைத்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரைப் பையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாய் கோணியிருந்தாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ உடனே 108. சர்க்கரை நோயாளி என்றால் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது.

பாட்டிக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசிகிறது. போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா? (சேலம்)

கொடுக்காதீர்கள். அதற்கு முன்பு பல நாள் மலம் போகாமல் இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இறுகிய மலம் அடைத்துக்கொள்ள, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிவது படுக்கையில் இருப்பவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். செவிலியரோ மருத்துவரோ பரிசோதித்து எனிமா தேவையா என்று சொல்லட்டும்.

அம்மாவுக்குக் கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால்தான் புரையேறுகிறது. ஏன்? (தஞ்சாவூர்)

தண்ணீர் வேகமாக ஓடிவிடும். விழுங்கும் தசை தளர்ந்தவர்களுக்கு மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். நுரையீரலில் சளி கட்டுவதற்கு இதுவே காரணமாகலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, ஸ்பூனில் சிறு வாயாகக் கொடுங்கள். அண்ணாந்து தம்ளரில் ஊற்றவே கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். விழுங்கியபின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணர் விழுங்குவதையும் பரிசோதிப்பார், அவசியம் காட்டுங்கள்.

சிறுநீர்க் குழாயோடு சேர்ந்த பையை எங்கே வைப்பது? (கோவை)

கட்டில் சட்டத்தில், இடுப்பைவிடத் தாழ்வாக, தரையில் படாமல் மாட்டுங்கள். திருப்பிப் படுக்க வைக்கும்போது பையை வயிற்றின் மேல் தூக்கி வைக்காதீர்கள், சிறுநீர் திரும்பி உள்ளே போகும்.

அப்பாவுக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் திறக்கிறார். இதுதான் வீடு என்றால் அடிக்க வருகிறார். (நாகர்கோவில்)

திருத்தாதீர்கள். அவர் சொல்வது அவருக்கு உண்மை. நான் பார்த்த ஒரு பெரியவர், பொழுது சாய்ந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்துவிடுவார். வீட்டில் மாடு இல்லாமல் எத்தனையோ வருஷம். மருமகள், "காட்டியாச்சு மாமா, பாலும் கறந்தாச்சு, காபி குடிங்க" என்பார். அவரும் தம்ளரை வாங்கிக்கொண்டு எந்த மாடு எவ்வளவு கறந்தது என்று விசாரிப்பார்.

இருட்டும் முன்னே விளக்கைப் போடுங்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள், தெருமுனை வரை கூடவே நடந்து திரும்புங்கள். பசியோ, சிறுநீர் முட்டுவதோ சொல்லத் தெரியாமல்கூட இப்படி எழுவார்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

அம்மாவை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். அண்ணன்கள் போனில் விசாரிப்பதோடு சரி. தூங்கியே பல நாளாகிறது. உதவி ஏதும் கிடைக்குமா அக்கா? (மதுரை)

கிடைக்கும்மா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி வேதனையைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதியுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

அண்ணன்களிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் பணம் அனுப்பிவிட்டு இருந்துவிடுவார்கள். பணமும் வேண்டியதுதான், ஆனால் உங்களுக்கு இப்போது தூக்கம் வேண்டும். "இந்த மாசம் இரண்டாவது சனி, ஞாயிறு நீங்க வரணும்" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். வந்தவருக்கு மாத்திரை நேரத்தை எழுதிக் கொடுத்து, திருப்பிப் படுக்க வைப்பதை ஒரு தடவை கூட நின்று செய்ய வையுங்கள். அப்புறம் நீங்கள் சிநேகிதி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய்த் தூங்குங்கள். அதே வீட்டில் படுத்தால் அம்மா இருமினாலே எழுந்துவிடுவீர்கள்.