ஸ்க்ரீன் ரீடரில் வலைப்பக்கத்தின் முக்கியப் பகுதிக்கு வேகமாகப் போவது எப்படி?

ஸ்க்ரீன் ரீடரில், அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளில், டேப் விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், மெனுவும் லிங்க்குகளும்தான் வருகின்றன, கட்டுரை வரவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டேப் அதற்கான விசையே இல்லை. லிங்க், பட்டன், எழுதும் பெட்டி போன்றவற்றில் மட்டும்தான் அது நிற்கும். ஒரு பத்தியில் லிங்க் எதுவும் இல்லையென்றால் அந்தப் பத்தியைத் தொடாமலே தாண்டிவிடும். படிக்க வந்த விஷயமே அப்படித்தான் கைநழுவுகிறது.

எனக்குப் பார்வை கிடையாது. விண்டோஸில் என்விடிஏ (NVDA) என்ற ஸ்க்ரீன் ரீடரைப் பயன்படுத்துகிறேன், அதனால் முதலில் அதன் விசைகளையே சொல்கிறேன்.

பக்கம் திறந்ததும் எச் அழுத்துங்கள். அடுத்த ஹெட்டிங்குக்கு, அதாவது தலைப்பாகக் குறிக்கப்பட்ட வரிக்குப் போகும். ஷிஃப்ட்டோடு எச் அழுத்தினால் முந்தையதற்குத் திரும்பும். ஒவ்வொரு ஹெட்டிங்கையும் வாசித்துவிட்டு அதன் நிலையையும், அதாவது 1 முதல் 6 வரை ஓர் எண்ணையும் சொல்லும். அந்த எண்ணைக் கவனிக்காமல் விடாதீர்கள். எது எதற்குள் அடங்கியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். விக்கிப்பீடியாவில் கட்டுரையின் பெயர் நிலை 1, பெரிய பிரிவுகள் நிலை 2, உட்பிரிவுகள் நிலை 3. எண் விசை 2ஐ மட்டும் தட்டிக்கொண்டே போனால் எவ்வளவு நீளமான கட்டுரையானாலும் அதில் என்னென்ன இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பழகுவதற்கும் விக்கிப்பீடியாவைத்தான் பரிந்துரைப்பேன், அங்கே பிரிவுகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும்.

மொத்தத்தையும் ஒரே இடத்தில் பார்க்க இன்சர்ட்டும் எஃப்7உம் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் ஹெட்டிங்குகளைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டும் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் உள்ளவை மட்டும் நிற்கும். ஜாஸ் (JAWS) என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடரில் ஹெட்டிங் பட்டியலுக்கு இன்சர்ட்டும் எஃப்6உம்.

அடுத்தது லேண்ட்மார்க். தலைப்பகுதி, மெனு, முக்கியப் பகுதி, தேடல், அடிப்பகுதி என்று பக்கத்தின் பெரிய பகுதிகளுக்கு வைக்கிற அடையாளம் இது. என்விடிஏவில் டி, ஜாஸில் ஆர். ஜாஸில் க்யூ அழுத்தினால் நேராக முக்கியப் பகுதிக்கே போய்விடலாம். தினமும் போகிற ஒரு தளத்தில் எத்தனையாவது டியில் முக்கியப் பகுதி வருகிறது என்பது விரலுக்கே பழகிவிடும். ஆனால் புதிய பக்கம் என்றால் நான் முதலில் தேடுவது ஹெட்டிங்கைத்தான். லேண்ட்மார்க் பகுதியின் வாசலில் கொண்டுபோய் விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஹெட்டிங்தான் சொல்லும். வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி ஆக்குவதற்காக இயங்கும் வெப்எய்ம் (WebAIM) அமைப்பு ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துவோரிடம் நடத்தும் கணக்கெடுப்புகளிலும், நீளமான பக்கத்தில் தகவல் தேட முதலில் ஹெட்டிங்கையே நாடுவதாகப் பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

எச் அழுத்தினால் நகராமல் பெட்டிக்குள் எச் என்ற எழுத்தே விழுகிறதா? அப்படியென்றால் நீங்கள் ஃபோகஸ் மோடில், அதாவது தட்டுவதெல்லாம் பெட்டிக்குள் போகும் நிலையில் இருக்கிறீர்கள். எஸ்கேப் அழுத்துங்கள், அல்லது இன்சர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி பிரவுஸ் மோடுக்கு, அதாவது பக்கத்தைப் படிக்கும் நிலைக்கு மாறுங்கள். ஒற்றை எழுத்து விசைகள் பிரவுஸ் மோடில்தான் வேலை செய்யும். புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, இது நமக்குச் சரிவராது என்று டேப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஐஃபோனின் ஸ்க்ரீன் ரீடரான வாய்ஸ்ஓவரில் இரண்டு விரலைத் திரையில் வைத்துத் திருகினால் ரோட்டர், அதாவது எதன் வழியாக நகர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வரும். ஹெட்டிங் என்று சொன்னதும் நிறுத்தி, ஒரு விரலால் கீழே தள்ளினால் அடுத்த ஹெட்டிங். ஆண்ட்ராய்டின் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக்கில் மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளி ஹெட்டிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதேபோல நகரலாம்.

சரி, இதெல்லாம் பக்கத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி, பார்வைக்குத் தலைப்பு மாதிரி காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் வரிதான். அதைவிடக் கோபம் வருவது, எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காகச் சாதாரண வாக்கியத்தை நிலை 4 ஹெட்டிங்காகப் போடும்போது. நம்பிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. அந்த மாதிரிப் பக்கங்களில் என்விடிஏவின் N எழுத்து விசை உதவும், லிங்க் கூட்டத்தைத் தாண்டி அடுத்த சாதாரண உரைக்குக் கொண்டுபோகும். அதுவும் கைவிட்டால் இன்சர்ட், கண்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, தெரிந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

அப்புறம், அடிக்கடி போகிற தளம் இப்படி இருந்தால் அதை நடத்துபவர்களுக்கு எழுதுங்கள். "சிரமமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் அவர்களுக்கு என்ன செய்வதென்று புரியாது. பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, இந்த வரிகள் ஹெட்டிங்காகக் குறிக்கப்படவில்லை, முக்கியப் பகுதிக்கு லேண்ட்மார்க் இல்லை என்று எழுதுங்கள். மெனு போன்ற திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தாண்டிச் செல்ல வழி வைக்க வேண்டும் என்பது, வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகளில் 2.4.1, அதுவும் அடிப்படை நிலையான ஏ நிலையிலேயே வருகிறது. அந்த எண்ணையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.