கரைவலையும் வின்ச்சும்

அன்புள்ள ஐயா,

கரையில் நின்று இழுக்கும் கரைவலையை, உழவு இயந்திரத்தில் பூட்டிய கயிறு சுற்றும் வின்ச்சால் இழுப்பதைக் குறைகூறி எழுதியிருந்தீர்கள். என் அப்பா முப்பது வருடம் கையால் கயிறு இழுத்தவர். இன்று அவரால் நிமிர்ந்து நடக்க முடியாது. இழுக்க ஆளும் இல்லை. வின்ச் இருப்பதால்தான் எங்கள் பாடு இன்னும் நடக்கிறது. முன்னேற்றமே வேண்டாம் என்கிறீர்களா?

— வாசகர், நிலாவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாவின் முதுகை நினைக்காமல் எழுதிவிட்டேன். தவறுதான். வின்ச் வரட்டும். என் கவலை அது வந்த விதத்தைப் பற்றியது.

திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக் கரையில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறேன். வலை கல்லில் தட்டினால் கயிறு பிடித்தவரின் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடும். "பொறுங்கள்" என்று ஒரு குரல் வரும்; இரண்டு வரிசையும் நின்றுவிடும்; ஒருவர் நீந்திப்போய் எடுத்துவிடுவார். வின்ச்சுக்கு அந்த உள்ளங்கை இல்லை, வலை கிழியும்வரை சுற்றும். கயிற்றின் கடைசியில் ஒரு வயோதிபப் பெண், வந்த கயிற்றை வளையமாகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். மீன் சேரும் வலையின் மடி கரையேறியதும் அவருடைய ஓலைப்பெட்டியில் இரண்டு கை சூடை மீன் விழுந்தது. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வின்ச் வந்த கரையில் அந்தச் சூடை யாருக்குப் போகிறது? பெரும்பாலும் உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு. இதை யாரும் கூடிப் பேசி முடிவுசெய்யவில்லை, தானாக நடந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகும் இப்படித்தான். உதவியென்று சில கரைகளில் தேவைக்கு மிஞ்சிய படகுகள் வந்து இறங்கின. கடலுக்கு உதவாதவையும் அவற்றில் இருந்தன. தொழில் செய்பவரிடம் முதலில் கேட்டிருக்கலாம்.

வேகமாகப் பிடிப்பதுதான் முன்னேற்றம் என்றால் டைனமைட்டைவிட வேகமானது எது? இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்கிறது. குஞ்சும் முட்டையும் சேர்ந்து அழிவதைக் கண்ட மனிதர்கள் போட்ட தடை அது. அதே சட்டம் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதிகளை அறிவிக்கவும், அங்கே மீனவர் குழுக்கள் அமைக்கவும் இடம் தருகிறது. அந்த இடத்தை நாம் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் சங்கத்தில் இதை எடுங்கள். பாரமான தூரத்தை வின்ச் இழுக்கட்டும், கரையை நெருங்கும்போது கை பிடிக்கட்டும். கயிறு சுற்றுபவருக்கும் முடியாமல் போனவருக்கும் பங்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் வின்ச்சை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.