பழைய அட்டை, புது அட்டை: இரண்டும் ஒரே மருந்தா?

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. வழக்கமான பிரஷர் மாத்திரை இல்லையென்று மருந்துக் கடையில் வேறு பெயரில் ஒன்று கொடுத்தார்கள். டாக்டர்தான் புதிதாகச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்து, மீதமிருந்த பழையதையும் இதையும் சேர்த்தே போட்டு வருகிறார். ஆபத்தா? கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: முதலில் இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் தனியாக அச்சிட்டிருக்கும்; அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் 'அம்லோடிபின் 5 மி.கி.' என்றிருந்தால், அவர் தினமும் 10 மி.கி. சாப்பிடுகிறார். கணுக்கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அந்த வயதில் நான் அதிகம் பயப்படுவது தலைசுற்றி விழுவதற்குத்தான். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் ஒரு அட்டையை எடுத்து வைத்துவிட்டு, பிரஷரைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லுங்கள். பெயர் வேறு வேறாக இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கடையில் மாற்றிக் கொடுத்தது சரிதானா என்று டாக்டரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.

மாத்திரையின் நிறத்தை நம்பவே கூடாது. கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்று நினைவு வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இரட்டிப்பாகும் சிக்கல் பாராசிட்டமாலில் இன்னும் சகஜம். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று வாங்குவார்கள்; மூன்றிலும் அதுவே இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. தாண்டினால் ஈரல் பாதிக்கும்.

அப்புறம் 'எப்போது' என்ற விஷயம். "வெறும் வயிற்றில்" என்று சொன்னால் காபியோடு போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் போட்டு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளியே. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதனால் அட்டை மேலேயே கிழமையை எழுதித் தரச் சொல்வேன்.

மாமியாருக்குச் சர்க்கரை என்கிறீர்கள். மெட்ஃபார்மின் அட்டையில் 'எஸ்.ஆர்.' அல்லது 'எக்ஸ்.ஆர்.' என்றிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. விழுங்கச் சிரமமென்று பொடிக்கக் கூடாது. பல மணி நேரத்தில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிலருக்கு மலத்தில் அதன் கூடு மாத்திரை மாதிரியே வெளிவரும். "ஜீரணமே ஆகல" என்று பதறி இன்னொன்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து இறங்கிவிட்டது, வெறும் கூடுதான் அது.

கடையில் கேட்க வேண்டியது அதிகமில்லை. இது எதற்கு, எப்போது, எத்தனை நாளைக்கு, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது. பதில் வந்ததும் "அப்படின்னா ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு, சரியா?" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மருந்தாளுநர் சொன்னதிலோ நீங்கள் புரிந்துகொண்டதிலோ தவறிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மறந்த வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவது பெரும்பாலான மருந்துகளுக்கு ஆகாது. கூட்டமாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் வர வேண்டாம். சொல்லித் தருவதும் மருந்தாளுநர்களான எங்கள் வேலைதான்.

அடுத்த முறை மாமியாருக்கு வாங்கப் போகும்போது பழைய அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மாத்திரையைப் பிரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை கிழிக்காமல் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.