டேரியஸ் ஏகஃப் வருகிறார்: ரேசர்பேக்ஸ் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நவம்பர் 3-ம் தேதி சதர்ன் பல்கலைக்கழகத்தோடு மோதும் ஆட்டத்தில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ரேசர்பேக்ஸ் கூடைப்பந்து அணியின் 2025-26 சீசன் தொடங்குகிறது. நான் பென்டன்வில்லில் இருக்கிறேன். ஃபயட்வில்லில் உள்ள பட் வால்டன் அரங்கத்துக்கு வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். அதனாலோ என்னவோ, புதிதாக வந்திருக்கும் பாயிண்ட் கார்டு டேரியஸ் ஏகஃப் ஜூனியரைப் பற்றி நண்பர்கள் ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இப்போதுதான் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். யார் இந்த ஏகஃப்? இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

டெட்ராய்ட் பையன். அங்கே காஸ் டெக் பள்ளியில் ஆடிவிட்டு, கடைசி இரண்டு வருடம் ஃப்ளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2024-ல் புவெனஸ் ஐரிஸில் நடந்த 18 வயதுக்குட்பட்டோருக்கான அமெரிக்கக் கண்டப் போட்டியில் அமெரிக்கா தங்கம் வென்றபோது, தொடரின் சிறந்த வீரர் இவர்தான். இந்த வருடம் பள்ளி முடித்தவர்களில் நாட்டின் முதல் பத்துப் பேருக்குள் இவரை வைத்தார்கள்.

பேச்சுக்குக் காரணம் இவர் ஆடும் இடம். கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கூடையை நோக்கி எறிய 30 விநாடிதான் அவகாசம். அந்த முப்பது விநாடியில் யார் கைக்குப் பந்து போக வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் பாயிண்ட் கார்டு. மற்ற இடங்களில் ஒரு முதலாண்டு மாணவர் சொதப்பினால் அவர் ஆட்டம் மட்டும் கெடும். இந்த இடத்தில் சொதப்பினால் ஐந்து பேர் ஆட்டமும் கெடும்.

ராஜர்ஸிலிருந்து ஒரு நண்பர்: நம் பயிற்சியாளர் ஜான் கேலிபரி கையில் வந்த பாயிண்ட் கார்டு என்றால் டெரிக் ரோஸ், ஜான் வால் வரிசைதானே? அதே அளவு எதிர்பார்க்கலாமா?

இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் உங்களுக்கும் நல்லது, அந்தப் பையனுக்கும் நல்லது.

ரோஸ் 2007-08-ல், கேலிபரி அப்போது பயிற்சியாளராக இருந்த மெம்ஃபிஸை இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனார், உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தில் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது மெம்ஃபிஸ் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. கடைசி நேர ஃப்ரீ த்ரோக்கள் தவறின, ரோஸும் ஒன்றைத் தவறவிட்டார். இரண்டு விநாடி மிச்சமிருக்கையில் கான்சஸின் மாரியோ சாமர்ஸ் மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கோப்பை கை நழுவியது. வால் 2009-10-ல் கென்டக்கிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே கடைசி விநாடியில் எறிந்து ஜெயிக்க வைத்தார். அவர் அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்) சராசரி 6.5. எல்லாரும் மறந்துவிடும் இன்னொரு கணக்கு, ஆட்டத்துக்கு நான்கு டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது. தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் இருவருமே அந்தந்த ஆண்டு முதல் ஆளாகப் போனார்கள். இருவருக்குமே கல்லூரிக் கோப்பை கிடைக்கவில்லை.

கேலிபரி கென்டக்கியில் 15 சீசன் இருந்து வென்றது ஒரே ஒரு தேசியப் பட்டம், 2012-ல். அந்த அணியின் பாயிண்ட் கார்டு மார்க்விஸ் டீக். சராசரி பத்துப் புள்ளி, ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக அசிஸ்ட். ரோஸ், வால் பெயர் தெரிந்த பலருக்கு டீக்கின் பெயர் நினைவில் இருக்காது. டீக் ஓட்டிய அணிக்குத்தான் கோப்பை.

நான் ஏகஃபை ஒப்பிடுவதாக இருந்தால் கேலிபரியிடம் கென்டக்கியில் ஆடிய பிராண்டன் நைட்டோடு ஒப்பிடுவேன். அவரும் புள்ளி குவிக்கிற பாயிண்ட் கார்டுதான். 2011 தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பிரின்ஸ்டனுக்கு எதிராக ஆட்டம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 57-57 என்று நிற்கும்போது பந்தை அவரிடமே கொடுத்தார்கள். இரண்டு விநாடி மிச்சமிருக்க, உள்ளே வெட்டிப் போய் லேஅப் போட்டார். அன்று அவர் எடுத்த இரண்டே புள்ளி அதுதான். அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிராக 30. அதற்கடுத்து ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்திய கடைசி எறிதலும் அவருடையது. ஏழு முறை தவறவிட்ட கையில் எட்டாவது முறையும் பந்தைக் கொடுத்தார்களே, அந்த நம்பிக்கையைத்தான் ஏகஃபிடம் நாம் எதிர்பார்க்க வேண்டும். அது நவம்பரில் வராது.

டாலஸிலிருந்து ஒரு சகோதரர்: போன வருடமும் நம் பாயிண்ட் கார்டு பூகி ஃப்ளேண்டைப் பற்றி இப்படித்தான் பேசினோம். என்ன ஆயிற்று? இப்போது என்ன மாறிவிட்டது?

ஃப்ளேண்ட் நம்மை ஏமாற்றவில்லை. ஜனவரியில் வலது கைக் கட்டைவிரலில் அடிபட்டது. அதுவரை ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் அசிஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஜனவரியில்தான் நாம் ஆடும் எஸ்இசி லீகில் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றோம். மார்ச்சில் திரும்பி வந்தார். கான்சஸையும், பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தி கடைசி பதினாறு அணிகளுக்குள் போனோம். அப்புறம் ஃப்ளோரிடாவுக்கு மாறிப் போய்விட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் டெக்சஸ் டெக்குக்கு எதிராக நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இரண்டாம் பாதியில் 16 புள்ளி முன்னிலை. அவர்கள் நெருங்க நெருங்க நம் ஆட்கள் கையில் பந்து சூடானது போல ஆனது. ஒருவர் அவசரமாக எறிகிறார், அடுத்தவர் பயந்து எறியாமல் விடுகிறார். நடுவில் நின்று கையைத் தாழ்த்தி "பொறு" என்று சொல்ல ஆள் இல்லை. கூடுதல் நேரத்தில் 85-83 என்று தோற்றோம். ஆர்கன்சா ரசிகர்கள் ஏகஃபிடம் கேட்பது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆள். புள்ளி எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பதிமூன்று வயது, பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு. ஏகஃப் ஆடும்போது எதைக் கவனிக்கச் சொல்லட்டும்?

நல்ல கேள்வி கேட்டீர்கள், அக்கா. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை இங்கே பூங்காவில் நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆட வருவார்கள், நானும் போய் நிற்பேன். உங்கள் மகன் வயதில் ஒருவன், பந்தைத் தட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் பார்வை பந்தின் மேலேயே இருக்கும். கூடைக்குக் கீழே தனியாக நிற்கும் நண்பன் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருப்பான், இவனுக்குத் தெரியாது. ஒரு நாள் எதிரே நின்று விரல்களைக் காட்டி, "எத்தனை, சொல்லிக்கொண்டே தட்டு" என்றேன். முதல் வாரம் பந்து எங்கெங்கோ ஓடியது. ஒரு மாதத்தில் தலை தானாக நிமிர்ந்துவிட்டது.

பெரிய ஆட்டத்திலும் இதுதான், வேகம் மட்டும் கூடுதல். பிக் அண்ட் ரோலில் நம் உயரமான ஆள் ஓடி வந்து ஏகஃபைக் காவல் காப்பவருக்குக் குறுக்கே திரையாக நிற்பார். சின்னப் பையன்கள் அந்த இடைவெளியில் பாய்ந்து ஓடிவிடுவார்கள். தேர்ந்தவர் இரண்டடி போய் நிதானிப்பார். பின்னால் துரத்தி வருகிறவரைத் தன் முதுகிலேயே ஒட்டவைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் உயரமான காவல்காரரின் கால்களைப் பார்ப்பார். குதிகாலில் எடை போனால் எறிந்துவிடலாம். முன்னால் வந்தால் அவருக்குப் பின்னே கூடையை நோக்கி ஓடும் நம் உயரமான ஆளுக்குத் தூக்கிப் போடலாம். அதே நேரம் ஓரக்கண் தூர மூலையில் இருக்க வேண்டும். அங்கே நிற்கும் காவல்காரர் உதவிக்கு ஒரு அடி உள்ளே வந்துவிட்டால் அந்த மூலையில் நம் ஆள் காலியாக நிற்கிறார் என்று அர்த்தம்.

பந்தைப் பார்க்காமல் அந்தத் தூர மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏகஃப் அதைப் பார்க்கிறாரா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் உங்கள் மகனுக்கே தெரிந்துவிடும்.

ஒரு புள்ளிவிவரப் பிரியர்: எண்ணில் சொல்லுங்கள். எத்தனை புள்ளி, எத்தனை அசிஸ்ட்?

என் கணிப்பு 15 புள்ளி, 5 அசிஸ்ட். டர்ன்ஓவர் இரண்டரைக்குள் நின்றால் நான் திருப்தி அடைவேன். புள்ளிக் கணக்கு பெரிதாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். 2017-18-ல் ஓக்லஹோமாவின் டிரே யங் முதலாண்டிலேயே புள்ளி, அசிஸ்ட் இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அவர் அணி தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ரோட் ஐலண்டிடம் தோற்று வெளியே வந்தது. எல்லாப் பாரமும் ஒருவர் தோளில் ஏறினால் பிப்ரவரிக்குள் கால் தளர்ந்துவிடும்.

பென்டன்வில் பக்கத்து வீட்டுக்காரர்: டி.ஜே. வாக்னர் இருக்கிறார், மிலீக் தாமஸும் வந்திருக்கிறார். ஒரு பந்தை எத்தனை பேர் வைத்துக்கொள்வது?

இது எனக்குக் கவலையே இல்லை. வாக்னர் தன் புள்ளியைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் எதிரணியின் நல்ல கார்டைப் பிடித்து நிறுத்துகிறவர். அவர் தாத்தா மில்ட் வாக்னர் 1986-ல் லூயிவில்லுக்காகக் கோப்பை வென்றவர், அப்பா டஹுவான் மெம்ஃபிஸில் இதே கேலிபரியிடம் ஆடியவர். பையனுக்கு இந்த ஆட்டம் வீட்டுச் சொத்து. பிட்ஸ்பர்க் பையன் தாமஸ் எறிவதற்குப் பிறந்தவர், ஓடி வந்து இடம் பிடித்துக்கொள்வார். மூவரும் சேர்ந்து ஆடும்போது ஏகஃப் சில நேரம் பந்து இல்லாமல் ஓட வேண்டும். பள்ளி வரை பந்தைக் கையிலேயே வைத்து ஆடியவர்களுக்கு இதுதான் கஷ்டம், முதல் மாதத்தில் தடுமாற்றம் இங்கேதான் தெரியும்.

மினியாபொலிஸ் நண்பர்: ஆரம்பத்தில் சரியாக ஆடாவிட்டால் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டுமா?

ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2017-ல் கென்டக்கியில் பெஞ்சிலிருந்துதான் ஆரம்பித்தார். ஜனவரிக்குள் அணியே அவர் கையில் இருந்தது. 2025-ல் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது, சாம்பியன் பட்டம் இரண்டும் அவருக்கு. ஆக, பெஞ்ச் ஒன்றும் அவமானமில்லை. ஆனால் ஏகஃப் முதல் நாளிலிருந்தே தொடங்குவார் என்றுதான் நினைக்கிறேன்.

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: காசு கொடுத்து ஆள் எடுக்கிறார்கள். அப்புறம் என்ன மாணவர்?

2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்குத் தங்கள் வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், 2025-26-ல் ஒரு கல்லூரிக்கு மொத்தமாக 2.05 கோடி டாலர் வரை. இத்தனை வருடம் அரங்கம் நிரப்பியவர்களுக்கு அதில் ஒரு பங்கு போவது நியாயம் என்பதுதான் என் கருத்து.

ஃபயட்வில் மாணவி: ஒரே வருடத்தில் என்பிஏவுக்குப் போய்விடுவார். இவர் மேல் பாசம் வைத்து என்ன பயன், அண்ணா?

போய்விடுவார் தங்கச்சி, அதில் சந்தேகம் வேண்டாம். 2006-லிருந்து பள்ளி முடிந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் டிராஃப்டுக்குப் போகலாம் என்று விதி. இவரைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வருடம்தான் கல்லூரி.

ஆனால் பட் வால்டனில் 19,000 பேர் எழுந்து கையை மேலே தூக்கி, விரல்களை ஆட்டி, "வூ... பிக், சூயி" என்று கூப்பிடும்போது நீங்களும் அங்கே நிற்பீர்கள் இல்லையா? அந்த வருடம் நீங்கள் கல்லூரியில் இருந்த வருடம். முப்பது வயதில் அவரை எந்த என்பிஏ அரங்கில் பார்த்தாலும் "எங்கள் பையன்" என்றுதான் சொல்வீர்கள். நான்கு வருடம் இருந்தால்தான் பாசம் என்று ஒன்றும் இல்லை.

லிட்டில் ராக்கிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, 1994-ல் கோப்பை வென்ற வருடம் நான் இங்கே மாணவன். என் காலத்திலேயே இன்னொன்று பார்ப்பேனா?

ஐயா, அந்த அணியை நேரில் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. அப்போதைய பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சனின் ஆட்கள் சார்லட்டில் டியூக்கை 76-72 என்று வீழ்த்தினார்கள், அதிபர் கிளின்டனே வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் நினைவில் நிற்பது ஸ்காட்டி தர்மனின் அந்த உயரமான மூன்று புள்ளியும் கார்லிஸ் வில்லியம்சனும்தான். பாயிண்ட் கார்டு கோரி பெக்கோ எதிரணியின் மேல் ஏறி நின்று மூச்சுவிட முடியாமல் செய்தவர், புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதவர்.

இந்த வருடமே கோப்பை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி தோற்றுக்கொண்டே இருந்து, செப்டம்பர் கடைசியில் பயிற்சியாளரையும் நீக்கிவிட்டதால், ஊரின் ஏக்கம் முழுவதும் இந்தப் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பையன் மேல் வந்து விழுந்திருக்கிறது. கடைசி எட்டு அணிகளுக்குள் வருவோம் என்று நம்புகிறேன். ஏகஃப் பெக்கைப் போலக் காவலிலும் உழைத்தால் அதற்கு மேலும் போகலாம். அவர் ஆட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம் காவல்தான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவர்: எந்த ஆட்டங்களைத் தவறவிடக் கூடாது? இங்கே எத்தனை மணிக்கு வரும்?

நவம்பர் 8 மிச்சிகன் ஸ்டேட், அவர்கள் ஊரிலேயே. டெட்ராய்ட் பையன் சொந்த மாநிலத்தில் எதிரணியாக இறங்குகிறார், குடும்பமே வந்து உட்காரும். நவம்பர் 27 சிகாகோவில் டியூக். டிசம்பர் 3 நம் அரங்கில் லூயிவில். அங்கே மிக்கேல் பிரவுன் ஜூனியர் என்று இன்னொரு முதலாண்டு பாயிண்ட் கார்டு இருக்கிறார், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள். டிசம்பர் 13 டாலஸில் மறுபடியும் டெக்சஸ் டெக், 20-ம் தேதி நியூவர்க்கில் ஹூஸ்டன்.

நவம்பர் 2-ல் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு இங்கே மாலை 7 மணி என்றால் உங்களுக்கு மறுநாள் காலை ஆறரை. டியூக் ஆட்டம் சிகாகோ நேரம்தான், அதுவும் இதே கணக்கு. மிச்சிகன் ஸ்டேட், நியூவர்க் ஆட்டங்களுக்கு மட்டும் அந்த ஊர் நேரத்தோடு பத்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.