கீமோ வாந்திக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகக் கீமோ நடக்கிறது, வாந்தி நிற்கவில்லை, தெரிந்தவர் ஒருவர் கஞ்சா எண்ணெய் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம்.

கஞ்சாவுக்கு மருத்துவ குணமே இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் போதைப்பொருளான டிஎச்சி வாந்தியை அடக்கும். அதைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனாபினால் மாத்திரைக்கு 1985-லேயே அமெரிக்கா அனுமதி தந்தது, அதுவும் மற்ற மருந்துகள் கேட்காதபோது மட்டும். கஞ்சாவில் உள்ள, போதை தராத இன்னொரு பொருளான சிபிடி, குழந்தைகளின் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018-இல் மருந்தாக ஏற்கப்பட்டது. இரண்டிலுமே அளவு மில்லிகிராம் கணக்கில் தெரியும்.

கைமாறி வரும் எண்ணெயில் அது தெரியாது. சிக்கலே அங்கேதான். சாப்பிட்ட கஞ்சா வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். பலன் இல்லையே என்று இன்னும் நாலு சொட்டு விடுவோம். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்: படபடப்பு, பயம், தலைசுற்றல். வயதானவர் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு சிபிடியால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். கஞ்சா புற்றுநோயையே குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை. அதை நம்பிக் கீமோவை நிறுத்திவிடாதீர்கள்.

சட்டச் சிக்கலும் உண்டு. சரி, இப்போது என்ன செய்வது? நாளைக்கே புற்றுநோய் மருத்துவரிடம், “ஒன்டான்செட்ரான் போதவில்லை, ஓலான்சபின் சேர்க்கலாமா?” என்று கேளுங்கள்; இரண்டுமே கீமோ வாந்தியை அடக்கத் தரும் மருந்துகள். எத்தனை முறை வாந்தி, எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.