கால்பந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐரோப்பிய 21 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப்பில் 23 வயது வீரர்கள் ஆடுகிறார்களே, அது எப்படி?

வயதைக் கணக்கிடுவது கோப்பைப் போட்டியின் நாளை வைத்து அல்ல, தகுதிச்சுற்று தொடங்கும் ஆண்டை வைத்து. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் போட்டி இது; தகுதிச்சுற்றே நீண்டுகொண்டு போகும். 2023 போட்டிக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருந்தால் போதும். 2000 மே மாதம் பிறந்த இத்தாலியின் சாண்ட்ரோ டொனாலி அப்படித்தான் 23 வயதில் ஆடினார். அவர் அதற்கு முன்பே சீனியர் அணிக்கும் ஆடியவர், அதுவும் தடையில்லை. 2025 போட்டிக்கு வரம்பு 2002 ஜனவரி 1. ஆண்டுதோறும் நடக்கும் 19 வயதுப் பிரிவில் இந்தச் சலுகை கிடையாது: 2025 போட்டிக்கு 2006-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டுமே.

கேள்வி: 2023-ல் கோல் வித்தியாசத்தில் பின்தங்கிய சுவிட்சர்லாந்து காலிறுதிக்குப் போனது, இத்தாலி வெளியேறியது. ஏன்?

புள்ளிகள் சமமானால் குரூப்பின் மொத்த கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பதில்லை. சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் புள்ளிகள், பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள் என்று பார்க்க வேண்டும்.

அந்த குரூப்பில் பிரான்ஸ் மூன்று ஆட்டங்களையும் வென்றது. மற்ற மூவருக்கும் தலா 3 புள்ளிகள். பிரான்ஸின் ஆட்டங்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது: சுவிட்சர்லாந்து 2 – நார்வே 1, இத்தாலி 3 – சுவிட்சர்லாந்து 2, நார்வே 1 – இத்தாலி 0. மூவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, வித்தியாசம் பூஜ்யம். அடித்த கோல்களோ சுவிட்சர்லாந்து 4, இத்தாலி 3, நார்வே 2. பிரான்ஸிடம் 4-1 என்று உதை வாங்கியதால் சுவிட்சர்லாந்தின் மொத்த வித்தியாசம் மைனஸ் 3; மற்ற இருவருக்கும் மைனஸ் 1 தான். ஆனால் அந்தக் கணக்கு வரை போகவேண்டியே வரவில்லை.

கடைசி ஆட்டத்தை இந்த விதியோடு திரும்பப் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். நார்வே இன்னொரு கோல் அடித்து 2-0 என வென்றிருந்தால் வித்தியாசம் பிளஸ் 1, நார்வேயே முன்னேறியிருக்கும். இத்தாலி 2-1 எனத் தோற்றிருந்தால்? அடித்த கோல்களில் சுவிட்சர்லாந்துக்குச் சமமாக 4 வந்திருக்கும். அப்போது அந்த இருவரின் நேரடி ஆட்டத்தை மட்டும் மறுபடி பார்ப்பார்கள். 3-2 வெற்றியால் இத்தாலி பிழைத்திருக்கும். ஆக, தோற்றுக்கொண்டிருந்த இத்தாலிக்குக்கூட ஒரு கோல் போதுமாக இருந்தது. மூன்று அணிகள் சிக்கும்போது பலரும் தவறுவது இந்த 'மறுபடி பார்க்கும்' கட்டத்தில்தான்.

கேள்வி: 2023 சாம்பியன் இங்கிலாந்து ஏன் பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை?

ஒலிம்பிக்கில் இங்கிலாந்து தனி அணியாக ஆட முடியாது. கிரேட் பிரிட்டன் என்றுதான் வர வேண்டும். ஆண்கள் கால்பந்தில் அப்படி ஓர் அணி 2012 லண்டனுக்குப் பிறகு வரவில்லை. அதனால் அரையிறுதிக்கு வந்த மற்ற மூவர், அதாவது ஸ்பெயின், இஸ்ரேல், உக்ரைன், பாரிஸுக்குத் தகுதி பெற்றார்கள். பிரான்ஸ் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம். 2025-ல் பிராட்டிஸ்லாவாவில் இங்கிலாந்து ஜெர்மனியை 3-2 என வென்ற போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் தொடர்பே இல்லை: ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில் நடப்பது மட்டுமே தகுதிப் போட்டி.